கார்டியாக் டெக்னாலஜி படிக்க விரும்பும் வட ஆற்காட்டுப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் குடியாத்தத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் தெரிந்தவர்கள் வழியாக எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். எம்.பி.பி.எஸ். கைக்கு எட்டவில்லை, நர்சிங் வேண்டாம் என்கிறாள், கார்டியாக் டெக்னாலஜி என்று ஒரு படிப்பு இருக்கிறதாமே, அதில் சேர்க்கலாமா, சேர்த்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். வேலூர் மருத்துவமனைகளின் இதயப் பிரிவிலும் இரத்தநாளப் பிரிவிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் அவர்களுக்குப் பதில் சொல்வதை நான் கடமையாகவே நினைக்கிறேன். ஆனால் ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இது இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை ஒருமுறை முழுமையாக எழுதிவிடுகிறேன்.

இந்தத் தொழில் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். நாங்கள் நோயைத் தீர்மானிப்பவர்கள் இல்லை. மருந்து எழுதுபவர்களும் இல்லை. இதயமும் இரத்தநாளங்களும் எப்படி இயங்குகின்றன என்பதைக் கருவிகளின் துணையோடு பதிவு செய்து மருத்துவரின் கையில் கொடுப்பவர்கள். அந்தப் பதிவை வைத்துத்தான் ஒருவருக்கு ஆஞ்சியோ தேவையா, வால்வை மாற்ற வேண்டுமா, காலைக் காப்பாற்ற முடியுமா என்பதெல்லாம் முடிவாகிறது. பதிவு பிழையாக இருந்தால், எத்தனை அனுபவமுள்ள மருத்துவரும் பிழையான முடிவுக்கே வருவார். அவர் தவறினார் என்பதுகூடப் பல நேரங்களில் யாருக்கும் தெரியாமல் போகும். ஆகவே இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சரியான பதிவு எடுக்க என் பிள்ளையின் கையை இவர்கள் பழக்குவார்களா என்பதுதான். சம்பளம், வெளிநாடு, கல்லூரிக் கட்டடம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஊரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணிதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக, அதாவது சி.எம்.சி.யாக வளர்ந்தது. இந்தியாவில் வெற்றிகரமான முதல் திறந்த இதய அறுவைச் சிகிச்சை 1961-ல் அங்கேதான் நடந்தது என்பது, அதே ஊரில் கார்டியாக் டெக்னாலஜி படிக்க வரும் பிள்ளைகளில் பலருக்குத் தெரிவதில்லை. திறந்த இதய அறுவையின்போது நின்றுபோன இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு இயந்திரம் செய்ய வேண்டும். அந்த இயந்திரத்தை இயக்க ஒரு மனிதர் வேண்டும். பெர்ஃப்யூஷனிஸ்ட் என்ற பணியே அப்படித்தான் உருவானது. இன்று அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் இருப்பதால், ஆரணியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வருபவர்களும், காட்பாடி சந்திப்பில் இரண்டு நாள் ரயில் பயணத்துக்குப் பின் இறங்கும் வங்காளத்துக் குடும்பங்களும் இந்த ஊரில்தான் பரிசோதனைக்கு வருகிறார்கள். கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இதைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

வேலையின் கிளைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் மின்னலையைப் பதியும் ஈ.சி.ஜி., அதை நடக்கவைத்து எடுக்கும் டிரெட்மில், நாள் முழுதும் உடலில் கட்டிவைத்துப் பதியும் ஹோல்டர் ஆகியவை ஒரு பிரிவு. ஒலியலையால் இதயத்தைப் படமாகப் பார்க்கும் எக்கோ இன்னொன்று. ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் நடக்கும் கேத் லேப் மூன்றாவது. பேஸ்மேக்கரும் இதயத்துடிப்புக் கோளாறுகளும் அதன் கிளை. அறுவையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷன் தனிப் படிப்பு. கை, கால், கழுத்து இரத்தநாளங்களை டாப்ளரில், அதாவது இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்டில் பார்ப்பது வாஸ்குலர் பிரிவு.

ஈ.சி.ஜி.யை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். பட்டைகளை ஒட்டி, பட்டனை அழுத்திக் காகிதத்தைக் கிழித்துக் கொடுப்பதை ஒரு நாளிலேயே கற்றுவிடலாம் என்பது உண்மை. ஆனால் மார்பில் வைக்கும் முதல் இரண்டு லீடுகளை (மின்னலையைப் பதியும் பட்டைகளை) எங்கே வைக்கிறார்கள் என்று மட்டும் ஒரு முறை கவனித்துப் பாருங்கள். அவை மார்பெலும்பின் இரு பக்கமும் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். கழுத்துக் குழியிலிருந்து விரலை மெல்லக் கீழே இறக்கினால் மார்பெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டின் பக்கத்தில் வந்து சேர்வது இரண்டாவது விலா. அதற்குக் கீழே இருப்பது இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து விரலால் எண்ணிக்கொண்டே நான்காவதுக்கு வர வேண்டும். அவசரத்தில் கண்ணளவில் வைப்பவர்கள் பெரும்பாலும் ஓரிரு இடைவெளி மேலேயே வைத்துவிடுகிறார்கள். அப்போது இல்லாத கோளாறு ஒன்று காகிதத்தில் தெரியும். நல்ல உடல்நிலையில் இருப்பவர் மேல்பரிசோதனைகளுக்கு அலைய நேரும்.

கைகளின் லீடுகள் இடம் மாறுவதும் அடிக்கடி நடப்பது. காகிதத்தில் முதல் லீடு என்ற கோடு முழுவதும் தலைகீழாகவும் ஏ.வி.ஆர். என்ற கோடு நிமிர்ந்தும் இருந்தால், காகிதத்தைக் கொடுப்பதற்கு முன் நோயாளியின் கைகளைப் பார்க்க வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து ஒரு இளைஞரை, இதயம் வலப்பக்கம் இருப்பதாகச் சந்தேகப்பட்டு ஒரு பரிசோதனை மையத்தின் ஈ.சி.ஜி.யோடு அனுப்பியிருந்தார்கள். அவருடைய அம்மா அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார். இதயம் உண்மையிலேயே வலப்பக்கம் இருந்தால் மார்பு லீடுகளில் அலையின் உயரம் இடப்பக்கம் போகப்போகக் குறைந்துகொண்டே வர வேண்டும். அந்தக் காகிதத்தில் அது வழக்கம்போலக் கூடிக்கொண்டேதான் போயிற்று. லீடுகளைச் சரியாக வைத்து மறுபடி எடுத்ததும் எல்லாம் இயல்பாக இருந்தது. இந்த வேறுபாட்டைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகிறவருக்கும், மனத்தில் பதிய வைத்துக்கொள்பவருக்கும் உள்ள தூரம்தான் டெக்னீஷியனின் தரம் என்று நான் நினைக்கிறேன்.

அக்னி நட்சத்திர நாட்களில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தவரை உடனே படுக்கவைத்து எடுத்தால், வியர்வையில் பட்டை நழுவி அடிக்கோடு ஏறி இறங்கும். அதே நபர் குளிரூட்டிய அறையில் நடுங்கினால், கோடு முழுவதும் முள்முள்ளாக வரும். வியர்வையைத் துடைத்து, ஐந்து நிமிடம் படுக்கவைத்து, போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டு எடுத்தாலே பாதிக் குறைகள் தீர்ந்துவிடும். இதற்குப் பொறுமை வேண்டும். வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும்போதும் வேண்டும்.

எக்கோவுக்கு வருகிறேன். பயிற்சியில் அதிக காலம் எடுப்பது இதுதான். ப்ரோப் என்ற, ஒலியலையை அனுப்பி வாங்கும் கைக்கருவியை மார்பில் வைத்தவுடன் ஏதோ ஒரு படம் வந்துவிடும். அது சரியான படமா என்பதை அறியவே மாதக்கணக்கில் பழக வேண்டும். ஓர் உதாரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். பெருந்தமனி வால்வு சுருங்கியிருப்பவரிடம் இரத்தம் அந்த வால்வைக் கடக்கும் வேகத்தை டாப்ளரில் அளக்கிறோம். வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் வால்வின் இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு கிடைக்கும். உண்மையான வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்றால் வேறுபாடு 64 மி.மீ. பாதரசம். கடுமையான சுருக்கம், அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டிய நிலை. ஆனால் டாப்ளர் கதிர் இரத்த ஓட்டத்துக்கு இணையாக இல்லாமல் ஏறத்தாழ 40 பாகை சாய்ந்துவிட்டால், இயந்திரம் 3 மீட்டர் என்றே காட்டும். வேறுபாடு 36 என்று வரும். நடுத்தரச் சுருக்கம் என்று அறிக்கை போய்விடும். மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்ததாகச் சொல்லும் பெரியவர், மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பப்படுவார். இயந்திரம் பொய் சொல்லவில்லை. பிடித்த கோணம்தான் பொய்யாகிவிட்டது. ஆகவே இதய நுனியிலிருந்து மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், நோயாளியை வலப்பக்கம் திருப்பி மார்பெலும்பின் வலது ஓரத்திலிருந்தும், கழுத்துக் குழியிலிருந்தும், சிறிய பென்சில் ப்ரோபை வைத்துத் தேட வேண்டும். அதிகபட்ச வேகம் எங்கே கிடைக்கிறதோ அதுவே விடை. எனக்கு எக்கோ கற்றுக்கொடுத்த மூத்த அக்கா, நோயாளி சொல்லும் தொந்தரவுக்கும் நம் எண்ணுக்கும் பொருந்தவில்லை என்றால் ப்ரோபைக் கீழே வைக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்வார். இன்றும் என் மாணவர்களுக்கு நான் அதையே சொல்லித் தருகிறேன்.

நம் பகுதியில் வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு) சுருங்கியவர்களை இன்றும் பார்க்கிறோம். சிறு வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக வந்து போன காய்ச்சல், இருபத்தைந்து வயதில், முதல் பிரசவ காலத்தில் மூச்சுத்திணறலாக வெளிப்படும். அந்தப் பெண்ணின் எக்கோவில் வால்வுப் பரப்பைச் சரியான இடத்தில், இதழ்களின் நுனியில் குறுக்குவெட்டுப் படம் எடுத்து அளக்க வேண்டும். சற்று மேலே அளந்தாலும் பரப்பு கூடுதலாகவே வரும். 1.5 சதுர செ.மீ.க்குள் இருந்தால் கடுமை என்பது கணக்கு. ஆகவே இங்கே தசம எண்கூட ஒரு குடும்பத்தின் அடுத்த ஆண்டைத் தீர்மானிக்கிறது.

கேத் லேபில் டெக்னாலஜிஸ்ட்டின் இடம் மானிட்டரின் முன்னால். மருத்துவரின் கண் எக்ஸ்ரே திரையில் இருக்கும். அழுத்தத்தின் அலையும் ஈ.சி.ஜி.யும் எங்கள் பொறுப்பு. வேலை தொடங்கும் முன் அழுத்தமானியை நோயாளியின் இதய மட்டத்துக்குக் கொண்டுவந்து பூச்சியம் வைக்க வேண்டும். அது 10 செ.மீ. தாழ்ந்திருந்தாலே அழுத்தம் 7 மி.மீ. பாதரசத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டும். 130, 140 என்று வரும் பெருந்தமனி அழுத்தத்தில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் இடது மேலறையில் அந்த ஏழு, நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் இடம் மாற்றிவிடும். மேசையின் உயரத்தை மாற்றினால் பூச்சியத்தையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதை நான் ஒவ்வொரு புதிய மாணவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

இன்னொன்று, வாய் திறந்து சொல்லும் துணிவு. இரத்தநாளத்தின் வழியே செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டரின் நுனி இதயத் தமனியின் வாயை அடைத்துக்கொண்டால், அதுவரை உயர்ந்து எழுந்த அழுத்த அலை திடீரென்று தட்டையாகும். அந்த நொடியில் 'டேம்ப் ஆகுது சார்', அதாவது அலை அமுங்குகிறது என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல், படத்தில் தமனியைக் காட்டும் சாய மருந்து செலுத்தப்பட்டுவிட்டால் தமனியின் சுவர் கிழியலாம், துடிப்பு தாறுமாறாகலாம். பெரிய டாக்டரிடம் குரல் உயர்த்துவதா என்று நம் பக்கத்துப் பிள்ளைகள், குறிப்பாகக் கிராமத்துப் பள்ளிகளிலிருந்து வருபவர்கள், மிகவும் தயங்குகிறார்கள். மரியாதை வேறு, இது வேறு. நான் பணியாற்றிய நல்ல மருத்துவர்கள் அத்தனை பேரும் அந்தக் குரலை எதிர்பார்த்தே வேலை செய்தார்கள். தாறுமாறான துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் டிஃபிபிரிலேட்டர் இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று காலையிலேயே சரிபார்ப்பதும் நம் வேலைதான்.

வாஸ்குலர் பிரிவைப் பற்றி மட்டும் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன். ஏனெனில் இந்தப் படிப்பில் சேரும் பிள்ளைகள் அனைவரும் கேத் லேபையும் எக்கோவையும் மட்டுமே கனவு காண்கிறார்கள். காலைப் பார்க்க ஆள் இல்லை. நம் மாவட்டங்களிலோ கால் நோய்கள் நிறைய. ஹோட்டல்களில் நாள் முழுதும் அடுப்பருகே நிற்கும் மாஸ்டர்களுக்கும், தோல் தொழிற்சாலைகளில் நின்றபடி வேலை செய்பவர்களுக்கும் நரம்பு சுருட்டல். பீடி பிடித்தே பழகிய, நாற்பது வயதுகூட ஆகாத ஆண்களுக்குக் கால்விரல் கறுத்துப்போகும் பர்கர் நோய். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்க்கரை நோயால் வரும் ஆறாத புண்.

காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் முறையை ஒருமுறை நேரில் பார்ப்பவர்கள் மறக்க மாட்டார்கள். தொடை இடுக்கில் ஜெல்லைத் தடவி ப்ரோபைக் குறுக்காக வைத்தால் திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். ஒன்று தமனி, மற்றது சிரை. ப்ரோபை மெல்ல அழுத்தினால் தமனி உருண்டையாகவே துடித்துக்கொண்டிருக்கும். சிரை இமை மூடுவதுபோல முழுதுமாக மூடிக்கொள்ளும். அது மூடாமல் நின்றால் உள்ளே உறைகட்டி இருக்கிறது. அங்கிருந்து முழங்காலின் பின்புறம் வரை, ஒன்றிரண்டு செ.மீ. இடைவெளிகளில், ஒவ்வொரு இடத்திலும் அழுத்திப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு சாண் விட்டுவிட்டுத் தாவினால், விடுபட்ட அந்த இடத்திலேயே உறைகட்டி இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் பரிசோதனை இன்னும் எளியது. கையடக்க டாப்ளரும் இரத்த அழுத்தப் பட்டையும் போதும். விடை 1.0 முதல் 1.4 வரை இருந்தால் இயல்பு, 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு. ஆனால் நெடுங்காலச் சர்க்கரை நோயாளிகளில் பலருக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போயிருக்கும். பட்டையை 200-க்கு மேல் ஏற்றினாலும் தமனி அமுங்காது. டாப்ளரில் ஓசை நிற்காது. விடை 1.4-ஐத் தாண்டிப் போகும். பள்ளிகொண்டா பக்கத்திலிருந்து குதிகால் புண்ணோடு வந்த விவசாயத் தாத்தா ஒருவருக்கு இப்படித்தான் வந்தது. எண் பெரிதாக இருப்பதால் ஓட்டம் நன்றாக இருப்பதாக அவருடைய மகன் மகிழ்ச்சியடைந்தார். இந்த எண்ணை நம்ப முடியாது, கட்டைவிரலில் பார்க்கலாம் தாத்தா என்று சொல்லி விரலில் சிறிய பட்டையைக் கட்டி அளந்தேன். விரலின் சிறு தமனிகளில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. ஆகவே அங்கே உண்மை தெரியும். அலை ஏறத்தாழத் தட்டையாக இருந்தது. அன்றே இரத்தநாள அறுவை மருத்துவரிடம் அனுப்பினோம். அடைப்பு திறக்கப்பட்டது, ஒரு விரல் போயிற்று, கால் தப்பியது. எனக்கு இந்தத் தொழிலில் மிக நிறைவு தந்த நாட்களில் அது ஒன்று.

ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இரத்தநாள டாப்ளரைப் பெரும்பாலும் ரேடியாலஜி மருத்துவர்களே செய்கிறார்கள். டெக்னாலஜிஸ்ட்டுக்கு இடமிருப்பது பெரிய மருத்துவமனைகளின் வாஸ்குலர் லேபுகளில்தான். அல்ட்ராசவுண்ட் இயந்திரங்கள் 1994-ஆம் ஆண்டின் கரு பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டியவை என்பதால், சொந்தமாக ஓர் இயந்திரம் வாங்கி ஊர் ஊராகப் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணமெல்லாம் கூடாது. ஆனாலும் சர்க்கரை நோய் பெருகப் பெருகக் கால் சிகிச்சைப் பிரிவுகள் கூடிவருகின்றன. இந்தக் கைத்திறன் உள்ளவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி எங்கே சேர்வது என்ற கேள்வி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்ஸி. கார்டியாக் டெக்னாலஜி, பெர்ஃப்யூஷன் ஆகிய பட்டப்படிப்புகள் உள்ளன. மூன்று ஆண்டு வகுப்பு, ஓர் ஆண்டு இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஓராண்டுச் சான்றிதழ் படிப்புகளும் உண்டு. குடும்பச் சூழலால் விரைவில் சம்பாதிக்க வேண்டியவர்களுக்கு அவை உதவியிருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2021-ல் வந்த தேசிய துணைநிலை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டம், துணைநிலை மருத்துவப் பணியாளர் என்று ஏற்கக் குறைந்தது இரண்டு ஆண்டும் 2,000 மணி நேரமும் கொண்ட படிப்பையும், அதற்கு மேல்நிலையான ஹெல்த்கேர் ப்ரொஃபெஷனல் என்று ஏற்கக் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பையும் கேட்கிறது. இந்தச் சட்டத்தின் பட்டியலில் நம் தொழிலும் இருக்கிறது. ஆகவே இன்று புதிதாகச் சேரும் பிள்ளைக்கு, முடிந்தவரை பட்டப்படிப்பையே நான் பரிந்துரைப்பேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ப்ரோஷரை நம்ப வேண்டாம். பல்கலைக்கழக இணைப்பு அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் பட்டியலிலேயே பாருங்கள். கல்லூரிக்கு இணைப்பு இருப்பது வேறு, படிப்புக்கு இருப்பது வேறு. அடுத்து, மருத்துவமனை எங்கே இருக்கிறது, அங்கே கேத் லேப் தினமும் இயங்குகிறதா, மாணவர் எக்கோ ப்ரோபை எந்த ஆண்டில் கையில் பிடிக்கிறார், பக்கத்தில் நின்று சொல்லித் தருபவர் யார் என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாக, டீக்கடையிலோ பஸ்ஸிலோ பிடித்துக் கேட்டால் இன்னும் தெளிவான பதில் கிடைக்கும். இணைந்த மருத்துவமனையே இல்லாமல், மாதம் ஒரு முறை வேனில் ஏற்றி ஏதோ ஒரு மருத்துவமனையைச் சுற்றிக்காட்டிவிட்டு அதையே பயிற்சி என்று கணக்குக் காட்டிய ஒரு நிறுவனத்திலிருந்து வந்த பெண்ணுக்கு நான் வேலை கற்றுக்கொடுக்க நேர்ந்தது. மதிப்பெண் பட்டியல் அழகாக இருந்தது. டிரெட்மில்லில் நோயாளியின் முகம் வெளுத்தபோது பெல்ட்டை நிறுத்தும் பட்டன் எங்கே என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளை அறிவானவள். இரண்டு ஆண்டுகளில் நன்றாகத் தேறிவிட்டாள். ஆனால் அவள் அப்பா நிலத்தை அடகு வைத்துக் கட்டிய பணம் எதற்குப் போயிற்று என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு, அவசியம் அனுப்புங்கள் என்பதே என் பதில். ஈ.சி.ஜி.க்கும் எக்கோவுக்கும் மார்பைத் திறக்க வேண்டும். மேல்விஷாரத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வரும் பெண்கள், கிராமத்துப் பாட்டிகள், புதிதாகத் திருமணமானவர்கள் எல்லோரும் பெண் டெக்னாலஜிஸ்ட் இருக்கிறாரா என்று கேட்ட பிறகே உள்ளே வருகிறார்கள். இல்லை என்றால் திரும்பிப் போய்விடுபவர்களும் உண்டு. திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, தேவையான இடத்தை மட்டும் திறந்து, மற்றதைத் துணியால் மூடி, முடிந்ததும் ஜெல்லைத் துடைக்கத் துண்டு கொடுக்கும் வழக்கம் ஆண், பெண் இருபாலருக்கும் வேண்டும். வேலூரில் வேலை செய்பவர்கள் மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்பதைத் தமிழில் மட்டும் அல்லாமல் தெலுங்கிலும் உருதுவிலும் இந்தியிலும் வங்காளியிலும் சொல்லக் கற்றுக்கொண்டால் எக்கோவின் தரமே உயரும். புரியாமல் பயந்து படுத்திருப்பவரிடம் நல்ல படம் கிடைக்காது.

கேத் லேபில் ஈய ஏப்ரனையும் கழுத்துக் கவசத்தையும் அணியாமல் ஒரு நொடியும் நிற்கக் கூடாது. கதிரியக்கத்தைக் கணக்கிடும் டி.எல்.டி. பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே மார்பில் அணிய வேண்டும். பையிலேயே போட்டு வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் என்று தெரிந்தவுடன் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். அதன்பின் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட் மட்டுமே என்பதால், எக்கோவுக்கோ ஈ.சி.ஜி.க்கோ மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை. எக்கோ செய்பவர்களுக்குத் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். கட்டிலையும் நாற்காலியையும் உங்கள் உயரத்துக்கு ஏற்றிறக்காமல் கையை நீட்டியே பார்த்துப் பழகினால் முப்பத்தைந்து வயதிலேயே தோள் இறுகிவிடும்.

வேலை கிடைக்கும். ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். இரவுப் பணியும் உண்டு. மாரடைப்போடு வருபவருக்கு 90 நிமிடங்களுக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்ற இலக்கு இருப்பதால், கேத் லேப் ஊழியரின் தொலைபேசி இரவு இரண்டு மணிக்கும் ஒலிக்கும். மருத்துவமனைக்கு அருகிலேயே வீடு பார்த்துக்கொள்வது நல்லது. அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போக விரும்புபவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பையும் அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வையும் கடக்க வேண்டும். அமெரிக்காவில் ஏ.ஆர்.டி.எம்.எஸ்., சி.சி.ஐ. ஆகிய அமைப்புகள் எக்கோவுக்கும் வாஸ்குலருக்கும் தனித்தனித் தகுதிச் சான்று தருகின்றன, ஏ.ஆர்.டி.எம்.எஸ்.-இல் அல்ட்ராசவுண்ட் இயற்பியல் தேர்வும் சிறப்புப் பிரிவுத் தேர்வும் தேற வேண்டும். விசாவுக்குப் பணம் கேட்கும் ஏஜெண்டிடம் போகும் முன் அந்த இயற்பியல் புத்தகத்தைப் படித்துப் பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் இன்டர்ன்ஷிப் முதல் நாளிலிருந்தே ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். தேதி, பரிசோதனை, நீங்கள் பார்த்தது, மருத்துவரின் இறுதி அறிக்கை, அறுவையோ ஆஞ்சியோவோ நடந்திருந்தால் அதில் தெரிந்தது ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். உங்கள் அளவும் இறுதி முடிவும் வேறுபட்ட வரிகளைச் சிவப்பு மையில் கோடிட்டு, மூத்தவரிடம் காட்டிக் காரணம் கேளுங்கள். மாத இறுதியில் துறைத்தலைவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். பணியிலிருந்து விலகிய பிறகு அதற்காக அலைவது கடினம்.